பூட்டிக்கிடக்கிற பழைய ஊர் ஆஸ்பத்திரிய முறையா உள்ள போய்ப் பாக்கறது எப்படி – நாலு மாசம் அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டது

முதல்லயே சொல்லிடறேன், இது ராத்திரி டார்ச் அடிச்சு பேய் வீடியோ எடுக்கறவங்களுக்கு இல்ல. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல, முக்கியமா தக்கலை தாண்டி மலையடிவாரம் பக்கம் போனா, ரப்பர் விளைக்கு (தோட்டத்துக்கு) நடுவுல ஓடு சரிஞ்சு வாசல்ல கொடி ஏறி ஒரு கட்டடம் நிக்கும், கேட்டா "அது பழைய ஆஸ்பத்திரியாக்கும்"னு சொல்வாங்க. அந்த மாதிரி ஒண்ணுலதான் நான் பொறந்தேன். எங்க அம்மை அங்க ரெண்டு வருஷம் ஆயா வேலையும் பாத்திருக்கு. இடிக்கறதுக்கு முன்னாடி உள்ள போயி நாலு போட்டோ எடுத்துடணும்னு ஆசை, அவ்வளவுதான். அந்த நாலு போட்டோவுக்கு நாலு மாசம், ஏழு தடவை நடை, ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன். நீங்களாவது அலையாம இருக்கட்டும்னு எழுதறேன். ஊர் பேரும் அலுவலகம் பேரும் சொல்ல மாட்டேன். ஊர் பேர் வெளிய போனா என்ன நடக்கும்னு 9ஆவதுல சொல்றேன்.

1. முதல்ல, உள்ள போயிடாதீங்க

நான் பண்ணின முதல் தப்பு இதுதான். அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை சித்தி பையனையும் கூட்டிக்கிட்டு பைக்ல போனேன், பின்பக்கம் மதில் இடிஞ்சு கிடந்துச்சு, அதான் வழி இருக்கேன்னு ஏறி உள்ள போயாச்சு. பத்து நிமிஷம் ஆகல, வெளிய சத்தம். "லேய், யாருலே உள்ள? ஆக்கர் பெறக்க வந்தியளா?" அஞ்சாறு பேரு, ஒருத்தர் கையில வெட்டுக்கத்தி, அவரு ரப்பர் விளையில வேலை பாத்துட்டு இருந்தவரு. அதுக்கு முந்தின மாசம்தான் அந்த கட்டடத்துல இருந்து ஜன்னல் கம்பியும் தண்ணி பைப்பும் யாரோ அறுத்து ஆக்கர் கடையில, அதாவது பழைய இரும்புக் கடையில, போட்டுட்டாங்களாம், அந்த கோவம் மொத்தமும் எங்க மேல. நான் இங்கதான் பொறந்தேன்னு சொன்னா நம்புற மூஞ்சியா ஒருத்தருக்கும் இல்ல. ஸ்டேஷன்ல மூணு மணி நேரம் உக்காந்து, இனிமே வரமாட்டோம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தோம்.

ஆள் இல்லாத கட்டடம்னாலும் அது யாரோ ஒருத்தரோடதுதான். 2024 ஜூலை 1ல இருந்து ஐபிசி போயி பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு, அதுல 329ஆவது பிரிவுதான் அத்துமீறி நுழையறது. கட்டடத்துக்குள்ளன்னா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 5000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். அரசு கட்டடத்துல பூட்ட உடைச்சா பொதுச்சொத்து சேதத் தடுப்பு சட்டமும் கூட வரும், அது 1992ல தமிழ்நாடு போட்ட சட்டம், ஸ்டேஷன்ல எல்லாருக்கும் அத்துப்படி. மதில் இடிஞ்சு கிடந்தா அது வழி ஆகிடாது, இத எஸ்.ஐ. எனக்கு ரெண்டு தடவை சொன்னாரு.

முதல் நாள் போனா ரோட்டுல நின்னு பாருங்க. வாசல்ல கல்வெட்டு இருக்கா, போர்டு இருக்கா, இ.பி. மீட்டர் பெட்டியில நம்பர் தெரியுதா, இத மட்டும் குறிச்சுட்டு பக்கத்து சாயாக்கடைக்கு போயிடுங்க.

2. கல்வெட்ட படிக்கத் தெரிஞ்சுக்குங்க

இது நம்ம மாவட்டத்துக்கு மட்டுமான கூத்து. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தோம், அதுக்கு முந்தின கல்வெட்டு, பத்திரம், ரிஜிஸ்டர் பல இடத்துல மலையாளத்துல இருக்கும், வருஷம் கொல்லம் ஆண்டா இருக்கும். என் சித்தி பையன் கல்வெட்டுல 1110னு பாத்துட்டு "சோழர் காலத்து ஆஸ்பத்திரியா"ன்னு கேட்டான், அவன் பி.இ. வேற. கொல்லம் ஆண்டோட 825 கூட்டணும், அதாவது 1935. ஆனா அந்த வருஷம் ஆவணியில, நம்ம ஆகஸ்ட் நடுவுல பிறக்கும், அதனால ஆகஸ்ட் பாதியில இருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள மாசம்னா 824தான் கூட்டணும்.

வருஷம் எதுக்குன்னு கேக்காதீங்க. மனுவுல "ஏறக்குறைய இந்த வருஷம் கட்டினது"ன்னு ஒரு வரி இருந்தா ரெக்கார்டு ரூம்ல ஃபைல் தேடறவருக்கு ஒரு பிடி கிடைக்கும். மலையாளம் தெரிஞ்ச ஒரு பெரியவர பிடிச்சு வச்சுக்குங்க, விளவங்கோடு பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் இருப்பாங்க.

3. இது யாரு கட்டடம்? (மொத்த கஷ்டமும் இங்கதான்)

ஊர்ல கேட்டா "தர்மாஸ்பத்திரி, சர்க்காரு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. ஆனா சர்க்கார்னு ஒரு ஆபீஸ் கிடையாதே. நான் முதல்ல கொடுத்த மனு தப்பான ஆபீஸ்ல அஞ்சு வாரம் தூங்குச்சு. அதனால இத நல்லா கவனிங்க.

ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையமா இருந்த கட்டடம்னா அது பொது சுகாதாரத்துறை, மாவட்டத்துல மாவட்ட சுகாதார அலுவலர், முன்னாடி துணை இயக்குநர்னு சொல்வாங்க. தாலுகா அளவு அரசு மருத்துவமனையா இருந்துச்சுன்னா வேற இயக்குநரகம், மாவட்டத்துல இணை இயக்குநர் நலப்பணிகள். இந்த ரெண்டு ஆபீசும் ஒண்ணுன்னு நினைச்சுத்தான் நான் மாட்டினேன். ஒருத்தர் ஃபைல் இன்னொருத்தர் மேசைக்கு தானா போகாது.

கட்டடத்த பராமரிக்கறது பொதுப்பணித்துறையா ஊராட்சி ஒன்றியமான்னு அது தனிக் கேள்வி. சாவி இவங்ககிட்ட இருக்கும், கையெழுத்து அவங்ககிட்ட இருக்கும், நமக்கு ரெண்டும் வேணும்.

மிஷன் ஆஸ்பத்திரியோட கிளையா இருந்தா இன்னும் சுலபம். நம்ம மாவட்டத்துல சி.எஸ்.ஐ.யும் சால்வேஷன் ஆர்மியும் கத்தோலிக்க சபைகளும் ஊருக்குள்ள மருத்துவ வேலை பாத்தவங்கதான், அந்த சபை அலுவலகத்துல கேட்டா ஒரு வாரத்துல தெரிஞ்சுடும். எஸ்டேட் டிஸ்பென்சரின்னா எஸ்டேட் மேனேஜர். கீரிப்பாறை, பேச்சிப்பாறை மேல போயிட்டா கட்டடம் யாருதா இருந்தாலும் நிலமோ வழியோ வனத்துறையோடதா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அப்ப நாகர்கோவில்ல மாவட்ட வன அலுவலகத்துல தனியா ஒரு மனு. கட்டடத்துக்கு அனுமதி வாங்கிட்டு காட்டுக்கு வாங்காம போனா செக்போஸ்ட்லயே திரும்ப வேண்டியதுதான்.

அப்புறம் தானம் கொடுத்த நிலம். அந்தக் காலத்துல ஊர்ல ஒரு குடும்பம் "ஆஸ்பத்திரி கட்டிக்குங்க"ன்னு ஐம்பது சென்ட் எழுதிக் கொடுத்திருக்கும், இப்ப ஆஸ்பத்திரி இல்லாததால பேரப்பிள்ளைங்க திருப்பிக் கேட்டு கேஸ் போட்டிருப்பாங்க. கேஸ் நடக்கற இடம்னா ஒரு அதிகாரியும் கையெழுத்து போட மாட்டாரு, நீங்களும் விட்டுடறது நல்லது.

4. வீட்டுல உக்காந்தே பாக்கக்கூடிய ரெக்கார்டு

தமிழ்நாடு அரசோட பட்டா சிட்டா இ-சர்வீஸ் தளத்துல பைசா செலவில்லாம அ-பதிவேடு பாக்கலாம், அந்த சர்வே நம்பர் புறம்போக்கா தனியார் பட்டாவான்னு தெரிஞ்சுடும். மாவட்டம், தாலுகா, வருவாய் கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு வேணும். இங்க ரெண்டு குழி இருக்கு.

ஒண்ணு, வருவாய் கிராமமும் நாம சொல்ற ஊர் பேரும் வேற வேறயா இருக்கும். பஸ்ஸுல போட்டிருக்க பேர வச்சு தேடினா ஆயுசுக்கும் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட "உங்க வீட்டு தீர்வை ரசீதுல என்ன வில்லேஜ் போட்டிருக்கு"ன்னு கேளுங்க, முடிஞ்சுது.

ரெண்டாவது, பழைய சர்வே நம்பரும் ரீசர்வே நம்பரும். பழைய பத்திரத்துல இருக்கறத அப்படியே தளத்துல போட்டா வேற யாரோட தென்னந்தோப்போ வரும். எனக்கு ஒரு குளம் வந்துச்சு. வி.ஏ.ஓ. ஆபீஸ்ல ரெண்டு நம்பரையும் பொருத்திப் பாத்து சொல்வாங்க. காலையில பத்தரைக்கு மேல பன்னெண்டுக்குள்ள போங்க, மத்தியானத்துக்கு மேல ஃபீல்டுக்கு போயிடுவாங்க.

பதிவுத்துறை தளத்துல வில்லங்கமும் ஆன்லைன்ல இலவசமா பாக்கலாம், ஆனா ரொம்ப பழைய தானப்பத்திரம்னா அதுல வராது, சார்பதிவாளர் அலுவலகத்துல காசு கட்டி தேடச் சொல்லணும். நான் அது வரைக்கும் போகல.

5. ஆர்.டி.ஐ. – 10 ரூபாயில நடக்கற வேலை

ஆர்.டி.ஐ.ன்னா தகவல் அறியும் உரிமைச் சட்டம். இத நான் ரெண்டாவது மாசம்தான் பண்ணினேன், முதல் நாளே பண்ணியிருக்கணும். வெள்ளைத்தாள்ல பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பணும், 30 நாள்ல பதில் வரணும். தப்பான ஆபீசுக்கு போயிட்டாலும் கவலை இல்ல, 6(3) பிரிவுல அவங்களே 5 நாளைக்குள்ள சரியான ஆபீசுக்கு மாத்தி அனுப்பிட்டு உங்களுக்கும் ஒரு காப்பி போடணும். அந்த காப்பிதான் தங்கம், ஏன்னா உங்க கட்டடம் யாரு பொறுப்புன்னு அவங்க கையாலயே எழுதிக் கொடுக்கறாங்க. சாதாரண மனுவுக்கு இந்த மரியாதை கிடையாது.

"ஏன் மூடினீங்க", "எப்ப திறப்பீங்க"ன்னு கேக்காதீங்க, கேள்விக்கு பதில் சொல்றது எங்க வேலை இல்லன்னு திருப்பிடுவாங்க. ஆவணமா கேளுங்க. நான் கேட்டது மூணே மூணு: ஒண்ணு, இந்த சர்வே நம்பர்ல உள்ள கட்டடம் எந்த அலுவலகத்தோட சொத்துப் பதிவேட்டுல இருக்குங்கறதும் அந்தப் பக்கத்தோட நகலும்; ரெண்டு, பயன்பாட்டுல இருந்து எடுத்ததுக்கான உத்தரவு நகல்; மூணு, இடிக்கறதுக்கு பொதுப்பணித்துறை சான்று ஏதாவது கொடுத்திருந்தா அதோட நகல். 26 நாள்ல பதில் வந்துச்சு, ஏழு பக்கம், பக்கத்துக்கு 2 ரூபான்னு 14 ரூபா கட்டினேன்.

அந்த மூணாவது கேள்வி ரொம்ப முக்கியம். கட்டடம் உபயோகிக்க லாயக்கில்லன்னு சான்று கொடுத்தாச்சுன்னா உள்ள போக யாரும் அனுமதி தரமாட்டாங்க, தரவும் கூடாது. அப்ப "வளாகத்துக்குள் நின்று வெளியிலிருந்து மட்டும்"னு கேளுங்க, அது கிடைக்கும்.

6. அனுமதி மனு

இங்க வார்த்தைதான் எல்லாமே. என் முதல் மனுவுல "பாழடைந்த மருத்துவமனையை ஆய்வு செய்ய"ன்னு எழுதிட்டேன். பாழடைந்ததுன்னு யாரு சொன்னா, நீங்க எந்த பத்திரிகை, யாரு ஆய்வு பண்ணச் சொன்னான்னு கேள்வி மேல கேள்வி. அந்த செக்‌ஷன்ல இருந்த ஒரு அக்காதான் பாவம் பாத்து சொன்னாங்க, "ஆய்வுன்னு போட்டா மேல பயப்படுவாங்க, பாழடைந்ததுன்னு போட்டா கோவப்படுவாங்க, மாத்தி எழுதிட்டு வாங்க தம்பி"ன்னு. மாத்தி எழுதினது இது, அப்படியே எடுத்துக்கலாம்:

"பொருள்: பயன்பாட்டில் இல்லாத பழைய மருத்துவமனைக் கட்டடத்தைப் பார்வையிட்டுப் புகைப்படம் எடுக்க ஒரு நாள் அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா, மேற்படி மருத்துவமனையில் நான் பிறந்தேன். என் தாயார் அங்கு பணியாற்றியுள்ளார். குடும்ப நினைவுக்காக மட்டும், வணிக நோக்கம் ஏதுமின்றி, பகல் நேரத்தில், தங்கள் அலுவலகப் பணியாளர் ஒருவர் முன்னிலையில், இரண்டு பேர் மட்டும் சென்று வர அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தப் பொருளையும் தொடவோ எடுக்கவோ மாட்டோம். எங்கள் பாதுகாப்புக்கு நாங்களே பொறுப்பு."

"குடும்ப நினைவு" உங்களுக்கு பொருந்தலன்னா உண்மையான காரணத்த ஒரே வரியில எழுதுங்க, கட்டடக்கலை படிக்கறீங்கன்னா காலேஜ் லெட்டர் வையுங்க. பொய் காரணம் வேண்டாம், ஊர் சின்னது, யாரு வீட்டுப் பிள்ளைன்னு ரெண்டு ஃபோன்ல கண்டுபிடிச்சுடுவாங்க.

கூட வைக்க வேண்டியது: ரெண்டு பேரோட ஆதார் நகல், ஆர்.டி.ஐ. பதில் நகல், அ-பதிவேடு பிரிண்ட், ரோட்டுல இருந்து எடுத்த கட்டடத்தோட ஒரு போட்டோ (எந்த கட்டடம்னு அவங்களுக்கே சந்தேகம் வரும்). பிறப்புச் சான்று இருந்ததால அதையும் வச்சேன். எல்லாம் மூணு செட். ஒரு செட் தபால் பிரிவுல கொடுத்து உங்க செட்ல சீலும் தேதியும் வாங்குங்க, சீல் இல்லாம வந்தா அந்த மனு நீங்க கொடுக்கவே இல்லன்னு அர்த்தம். எனக்கு அப்படித்தான் ஒண்ணு காணாம போச்சு.

உறுதிமொழிப் பத்திரம் முத்திரைத்தாள்ல கேட்டாங்க. வீட்டுல பழைய 20 ரூபா தாள் இருந்துச்சேன்னு அதுல டைப் அடிச்சு எடுத்துட்டு போனேன், தாள் மதிப்பு எல்லாம் ஏறியாச்சு இது செல்லாதுன்னு திருப்பிட்டாங்க. எத்தனை ரூபா தாள்னு அந்த ஆபீஸ்லயே கேட்டுட்டு வாங்குங்க.

மூணு வாரம் ஆகியும் அசையலன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல ஒரு மனு போடுங்க. ஆனா அதுல அந்த ஆபீஸ பத்தி குறை சொல்லாதீங்க, "என் மனு மீது ஆணை வழங்க உத்தரவிட வேண்டும்"னு மட்டும் எழுதுங்க. பதிமூணாம் நாள் எனக்கு ஃபோன் வந்துச்சு.

7. எப்ப போகணும்

ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும். நமக்கு ரெண்டு மழையும் உண்டு, ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்கு, மழைக்காலத்துல செடி இடுப்பளவு நிக்கும், சுவரும் ஊறிப்போயிருக்கும். ஏப்ரல், மே கோடை மழையில இடி சாயங்காலம் மலைப்பக்கம் வந்துடும். அதனால மனுவ செப்டம்பர்லயே போட்டுடுங்க. நான் அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சு பிப்ரவரி கடைசியிலதான் உள்ள போனேன்.

ஒரே ஒரு பிரச்சனை, ஜனவரி பிப்ரவரியிலதான் ரப்பர் இலை மொத்தமும் உதிரும். கணுக்கால் அளவு காஞ்ச இலை, அதுக்கு அடியில கிணறு இருக்கா செப்டிக் டேங்க் மூடி இருக்கான்னு ஒண்ணும் தெரியாது. பழைய ஆஸ்பத்திரி எதுலயும் பின்பக்கம் ஒரு கிணறு நிச்சயம், கைப்பிடிச் சுவர் விழுந்திருந்தா கொடி மூடி சமதரையா தெரியும். கம்பால குத்திக் குத்தித்தான் நடக்கணும். அங்க ரப்பர் பால் வெட்டறவர்கிட்ட கேட்டா இடம் சரியா காட்டுவாரு. அவரு வெள்ளெனவே வந்துடுவாரு, எட்டு ஒன்பது மணிக்கு வெட்டு முடிஞ்சு சும்மா இருப்பாரு, அதுதான் பேச நல்ல நேரம். முதல் நாள் வெட்டுக்கத்தியோட நின்ன அண்ணன்தான் எனக்கு கடைசியில வழிய வெட்டிக் கொடுத்தாரு, 900 ரூபா கூலி, கூட ஒரு சாயா.

8. என்ன கொண்டு போகணும்

கெட்டியான ஷூ, ஃபுல் பேண்ட், முழுக்கை, கையுறை, ஒரு கம்பு, ஆளுக்கு ஒரு டார்ச், தண்ணி. என்95 மாஸ்க் கண்டிப்பா, வவ்வால் எச்சம் காஞ்சு தூசியா பறக்கும், அது நெஞ்சுக்கு ஆகாது. டி.டி. ஊசி போட்டு பத்து வருஷம் ஆயிருந்தா முன்கூட்டியே ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டுக்குங்க, காசு இல்ல. கால்ல புண்ணு இருந்தா அந்த வாரம் போகாதீங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணியில கால் வச்சா எலிக்காய்ச்சல் வரும். போயிட்டு வந்த ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட இந்த இடத்துக்கு போனத சொல்லுங்க.

ட்ரோன் வீட்டுலயே இருக்கட்டும். அதுக்கு தனி அனுமதி, தனி ஆபீஸ், தனி தலைவலி.

பாம்பு பத்தி. கடிச்சா கட்டாதீங்க, கீறாதீங்க, அசையாம வச்சு 108 கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ, கிட்ட இருக்கற தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரியோ போங்க. விஷமுறிவு மருந்து நாலு பாம்புக்குத்தான், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மலையடிவார ரப்பர் தோட்டத்துல மூக்கு தூக்கி நிக்கற ஒரு சின்ன விரியன் உண்டு, காஞ்ச இலை நிறத்துலயே இருக்கும், அதுக்கு இந்த மருந்து கேக்காது. அதனால இலைக்குள்ள கைய விடற வேலையே கூடாது. மலைப்பக்கம் டவர் கிடைக்காது, எந்த இடத்துல சிக்னல் வருதுன்னு போகும்போதே பாத்து வச்சுக்குங்க.

9. உள்ள போனதும்

முதல்ல மேல பாருங்க, அப்புறம் கீழ. வராந்தாக் கூரைதான் முதல்ல விழும், அதுக்கு அடியில நின்னு போட்டோ எடுக்கணும்னு கை அரிக்கும், வேண்டாம். உத்தரம் அயனியோ தேக்கோ, பாக்க கெட்டியாத்தான் இருக்கும், ஆனா சுவருக்குள்ள போற முனைய கரையான் தின்னுருக்கும். கான்கிரீட் கூரைன்னா கம்பி வெளிய தெரியற இடத்துக்கு நேர் கீழ நிக்காதீங்க. மாடிக்கோ பரணுக்கோ ஏறவே கூடாது. கடந்தக்கூடு (குளவிக்கூடு) இருந்தா சத்தமில்லாம அப்படியே பின்னால வந்துடுங்க.

தரையில ஊசி, ஆம்ப்யூல், உடைஞ்ச தெர்மாமீட்டர் கிடக்கலாம், தெர்மாமீட்டர்ல இருந்து உருண்ட பாதரசத்த தொடாதீங்க. ஜாடியில மஞ்சளா தண்ணி நின்னா மூடியத் திறக்காதீங்க. எக்ஸ்ரே மெஷின பாத்து பயப்பட வேண்டாம், கரண்ட் இல்லாம அதுல இருந்து ஒண்ணும் வராது. ஆனா மூணு இதழ் காத்தாடி மாதிரி அடையாளம் போட்ட கனமான இரும்புப் பெட்டியோ உருளையோ எங்க கண்டாலும் தொடாம வெளிய வந்து 112க்கு சொல்லுங்க. 1987ல பிரேசில்ல கோயானியாங்கற ஊர்ல விட்டுட்டுப் போன ஒரு ஆஸ்பத்திரியில இருந்து ரெண்டு பேரு இப்படி ஒண்ண எடுத்து ஆக்கர் கடையில போட்டாங்க, உள்ள கதிர்வீச்சு வீசற சீசியம், நாலு பேரு செத்துப்போனாங்க. நம்ம ஊர் சின்ன ஆஸ்பத்திரியில அது இருக்க வாய்ப்பு இல்லதான், ஆனா தெரிஞ்சு வச்சுக்கறதுல தப்பில்ல.

பழைய ரிஜிஸ்டர் கிடக்கும். எங்க இடத்துல பிரசவ ரிஜிஸ்டரே கிடந்துச்சு, பாதி எலி தின்னு. என் அம்மை பேர தேடணும்னு கை போச்சு, கூட வந்த பணியாளர் "வேண்டாம் தம்பி, அடுத்த பக்கத்துல இருக்கறவங்க சம்மதிச்சாங்களா"ன்னு ஒரே வார்த்தை கேட்டாரு. வச்சுட்டேன். நோயாளி பேரு, முகவரி தெரியற மாதிரி ஒரு பக்கத்தையும் படம் எடுக்காதீங்க, எடுத்தாலும் வெளிய போடாதீங்க. ஊர் பேரையும் போடாதீங்க, போட்டா அடுத்த வாரமே ஆக்கர்காரன் வண்டியோட வந்துடுவான், மிச்சம் இருக்கற ஜன்னலும் போயிடும்.

நான் ரொம்ப நேரம் நின்னது மருந்து கொடுக்கற ஜன்னல்கிட்ட. பலகையில அரைவட்டமா ஒரு ஓட்டை, அதோட கீழ் விளிம்பு நடுவுல மட்டும் குழிஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு, எத்தனை வருஷம் எத்தனை பேரு முழங்கை வச்சு நின்னாங்களோ. உள்பக்கத் தட்டுல ஒரு குப்பி, அதுல பல்லுப்பல்லா வெட்டின பேப்பர் துண்டு இன்னும் ஒட்டியிருந்துச்சு. எங்க அம்மைகிட்ட போட்டோ காட்டினப்ப உடனே சொல்லிச்சு, "மிச்சர் மருந்துக்கு நாமதான் குப்பி கொண்டு போகணும், கம்பவுண்டர் அந்த பேப்பர ஒட்டித் தருவாரு, ஒரு பல்லுக்கு ஒரு நேரம்"னு. அப்படி ஏதாவது கண்ணுல பட்டா தொடாம, பக்கத்துல ஸ்கேல் மாதிரி ஒரு பேனாவ வச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல வர மாதிரி எடுங்க, ஃபிளாஷ் போட்டா அந்த வழுவழுப்பு படத்துல வராது.

ரெண்டு மணி நேரம் போதும். அனுமதியில இருக்கற நேரத்துக்கு பத்து நிமிஷம் முன்னாடியே வெளிய வந்துடுங்க, கூட வந்தவருக்கு அது பெரிய நிம்மதி.

10. செலவு

ஆர்.டி.ஐ. ரெண்டு, ஸ்டாம்பு, தபால், நகல் எல்லாம் சேத்து 140 ரூபா. முத்திரைத்தாள், டைப்பிங், ஜெராக்ஸ் 430. மாஸ்க், கையுறை, டார்ச் 650. வழி வெட்டின கூலி 900. ஏழு நடைக்கு பெட்ரோலும் சாப்பாடும் 1,700 இருக்கும். மொத்தம் 3,820. லஞ்சம் யாரும் கேக்கல, நானும் நீட்டல. ஒருத்தர் மட்டும் "வந்துட்டே இருக்கீங்களே"ன்னு சலிச்சுக்கிட்டாரு, அது நியாயம்தான்.

11. வந்த பிறகு

சாவிய திருப்பிக் கொடுத்தா அதுக்கும் கையெழுத்து வாங்குங்க. நாளைக்கு உள்ள ஏதாவது காணாம போனா கடைசியா போனது யாருன்னு உங்க பேருதான் வரும், அதனால போகும்போது ஒரு ரவுண்டு, வரும்போது ஒரு ரவுண்டு, எல்லா ரூமையும் தேதி தெரியற மாதிரி வீடியோ எடுத்து வச்சுக்குங்க. மனுவுல வீடியோன்னு எழுதலன்னா கூட வர்றவர்கிட்ட வாயால கேட்டுட்டு எடுங்க.

ஆபீசுக்கு நாலஞ்சு போட்டோ பிரிண்ட் போட்டு ஒரு நன்றிக் கடிதத்தோட கொடுங்க. பென் டிரைவ் வாங்க மாட்டாங்க, பிரிண்ட்தான். நான் கொடுத்தப்ப அந்த அக்கா எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டு, பின்பக்க சுவர் வெடிச்சது மட்டும் பெருசா ஒண்ணு கிடைக்குமா, எஸ்டிமேட் ஃபைல்ல வைக்கணும்னு கேட்டாங்க. அடுத்த நாளே கொண்டு கொடுத்தேன்.

அனுமதி அந்த ஒரு நாளைக்குத்தான். இன்னொரு தடவை போகணும்னா புது மனு, பழைய அனுமதி நகல இணைச்சு, அதே செக்‌ஷன்ல. என் சித்தப்பா போன வாரம் அப்படித்தான் போட்டாரு, பதினோரு நாள்ல கிடைச்சுது.